நாலு மேகசின், இருபது ரவுண்டு: பயத்லான் வீரர்கள் ரைஃபிளை நிரப்பும் விதம்

பனிக்கால ஒலிம்பிக்கில் பயத்லான் என்று ஒரு போட்டி உண்டு. முதுகில் ரைஃபிளை மாட்டிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டைகளில் சில கிலோமீட்டர் ஓட வேண்டும். மூச்சு இரைக்க இரைக்க வந்து நின்று, 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும். சுட்டு முடித்ததும் மறுபடி ஓட்டம். டிவியில் பார்க்கிறவர்களின் கண் அந்த வட்டங்கள் மேலேயே இருக்கும். குண்டு பட்டால் கறுப்பு மறைந்து வெள்ளை தெரியும், படாவிட்டால் கறுப்பு அப்படியே நிற்கும்.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய சில வினாடிகள். வீரர் பனியில் ஊன்றி வந்த கம்புகளைக் கீழே போடுகிறார், ரைஃபிளை முதுகிலிருந்து எடுக்கிறார், காலியான மேகசினைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார், படுக்கிறார். இத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். அவசரப்பட்டது போலவே தெரியாது. அதுதான் விஷயம். ரைஃபிளை வேகமாக நிரப்புவது எப்படி என்று கேட்டால், பலரும் விரல் வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் பொருள் எங்கே இருக்கிறது, கை எந்த வழியில் அதைத் தேடிப் போகிறது என்பதில்தான் பெரும்பாலான நேரம் மிச்சமாகிறது.

முதலில் மேகசின் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நாம் படிக்கிற பத்திரிகைக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான். இரண்டுக்கும் மூலம் அரபி மொழியின் ‘மக்ஸன்’, அதாவது பொருளைச் சேர்த்து வைக்கும் இடம். 1731-இல் லண்டனில் தொடங்கிய ஒரு பத்திரிகை ‘பல சரக்கும் கிடைக்கும் கிடங்கு’ என்ற பொருளில் தன் பெயரில் மேகசினைச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் பத்திரிகைக்கே அது பெயராகிவிட்டது. துப்பாக்கிக்காரர்கள் பழைய பொருளை விடவில்லை. அவர்களுக்கு மேகசின் என்றால் ரவுண்டுகளின், அதாவது தோட்டாக்களின், கிடங்கு. (கிழக்கிந்திய வியாபாரிகள் வாயில் ‘கோடவுன்’ ஆனது நம் கிடங்குதான் என்று சொல்வார்கள். ஆகவே இந்தக் குடும்பம் பெரியது.)

பெட்டி மேகசினுக்குள் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. தகரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு பெட்டி, அடியில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் மேல் ஒரு தட்டு. தட்டின் மேல் ரவுண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பெட்டியின் வாயில் உள்பக்கமாக மடிந்த இரண்டு உதடுகள், ரவுண்டு தெறித்து வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். ரைஃபிளின் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயைத் திறந்து மூடும் உலோகத் தண்டை, முன்னால் தள்ளும்போது அது மேலே இருக்கும் ரவுண்டின் முதுகைத் தட்டிக் குழலுக்குள் ஏற்றும். போல்ட் பின்னால் வரும்போது சுட்ட கூடு வெளியே விழும், ஸ்பிரிங் அடுத்ததை மேலே அனுப்பும். அவ்வளவுதான். இந்தப் பெட்டியை அப்படியே கழற்றி மாட்டும் யோசனைக்கு ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் 1879-இல் காப்புரிமை வாங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரைத் தாங்கிய லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் மேகசினைக் கழற்ற முடியும், ஆனால் சிப்பாய்கள் போரில் கழற்றி மாற்றியதில்லை. நம்மூரில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொன்னால் புரியும், அதே .303 ரைஃபிள்தான். அதன் மேகசினில் பத்து ரவுண்டு பிடிக்கும். ஐந்து ஐந்தாக ஒரு தகர வாரில் கோத்து வைத்திருப்பார்கள். அந்த வாருக்குச் சார்ஜர் என்று பெயர். போல்ட்டைத் திறந்து, சார்ஜரை மேலே இருக்கும் பள்ளத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் ஒரே அழுத்து. ஐந்தும் உள்ளே இறங்கிவிடும். வெறும் தகர வாரை எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டிஷ் காலாட்படைக்கு ஒரு நிமிடத்தில் 15 ரவுண்டைக் குறி தவறாமல் சுடும் பயிற்சி இருந்தது. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரத்தில் நடந்த சண்டையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. மேகசினைத் தொடாமலேயே இந்த வேகம் வந்தது என்பதைக் கவனியுங்கள். ஐந்து தடவை செய்ய வேண்டிய வேலையை ஒரே தடவையாக்கியது அந்தத் தகரத் துண்டுதான்.

சார்ஜரில் ஒரு தொல்லையும் இருந்தது. .303 ரவுண்டின் அடியில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் ரவுண்டின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் போய்ச் சிக்கினால், போல்ட் எவ்வளவு தள்ளினாலும் ரவுண்டு நகராது. அதனால் வாரில் கோக்கும்போதே விளிம்புகளின் வரிசையைப் பார்த்துக் கோக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி சோம்பேறித்தனமாகக் கோத்தவனுக்கு மறுநாள் காலையில் தண்டனை கிடைக்கும். இந்த விளிம்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பயத்லானில் மறுபடி வரும்.

சரி, பனிக்குத் திரும்புவோம்.

பயத்லான் ராணுவத்திலிருந்து வந்த விளையாட்டு. 1924-இல் பிரான்ஸின் சாமொனியில் நடந்த முதல் பனிக்கால ஒலிம்பிக்கில் ‘ராணுவ ரோந்து’ என்ற பெயரில் இதன் முன்னோடி இருந்தது. இன்றைய பெயரில் முதல் உலகச் சாம்பியன் போட்டி 1958-இல் ஆஸ்திரியாவின் சால்ஃபெல்டனில் நடந்தது, 1960-இல் ஒலிம்பிக்குக்கு வந்தது. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைக்க 1992 ஆகிவிட்டது. ஆரம்பத்தில் ராணுவ ரைஃபிள்கள் மாதிரியான பெரிய குண்டுதான் சுட்டார்கள். 1970-களின் கடைசியில் .22 என்ற சின்ன ரவுண்டு வந்தது, தூரமும் 50 மீட்டர் என்று நிலைத்தது. என்.சி.சி.யில் படுத்துச் சுட்டவர்களுக்கு அந்த .22 ரவுண்டைத் தெரியும். சுண்டுவிரலின் பாதி நீளம், பித்தளைக் கூட்டில் ஈயத் துளி. என் முதல் நாளில் பதற்றத்தில் ஒன்றை மணலில் போட்டுவிட்டு, ஊதி ஊதித் துடைத்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதைச் சுட விடவில்லை, அதுவும் சரிதான். மணல் ஒட்டிய ரவுண்டு குழலுக்கு ஆகாது. அன்றைக்கு வெயில் கொளுத்தியது. அதையே உறைபனியில், மரத்துப்போன விரலோடு செய்வதாக நினைத்துப் பாருங்கள்.

தனிநபர் போட்டியில் நாலு தடவை சுட வேண்டும். முதலில் படுத்து, அப்புறம் நின்று, மறுபடி படுத்து, மறுபடி நின்று. ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து ரவுண்டு. மேகசினில் ஐந்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது விதி. ஆக நாலு மேகசின், இருபது ரவுண்டு. ஸ்பிரிண்ட் என்ற குறுகிய ஓட்டத்தில் இரண்டு தடவை சுட்டால் போதும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. நிற்கிறவருக்கு உடம்பு ஆடும், அதனால்தான் அந்தச் சலுகை. துப்பாக்கி தானாகவே அடுத்த ரவுண்டை ஏற்றிக்கொள்ளும் ரகமாக இருக்கக்கூடாது, ஒவ்வொரு தடவையும் கையால்தான் போல்ட்டை இழுக்க வேண்டும்.

இப்போது ரைஃபிளைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மேகசினையும் ரவுண்டுகளையும் சேர்க்காமல் குறைந்தது மூன்றரை கிலோ இருக்க வேண்டும். கட்டை முழுக்க ஓட்டைகளும் வளைவுகளும் இருக்கும். எடை குறைய வேண்டும், ஆனால் குறுக்கே முறுக்கினால் வளையக்கூடாது, அதற்காகத்தான் இந்த வடிவம். அந்தக் கட்டையிலேயே நாலு மேகசின்களுக்கும் நாலு பொந்துகள் இருக்கும். இடுப்பு வாரிலோ சட்டைப் பையிலோ யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஏன் என்று யோசித்தால் எளிது. இடுப்பில் வைத்தால் ஓடும்போது அது ஆடும், இடம் நகரும், பனிச்சட்டை மேலே ஏறிக்கொள்ளும். படுத்த நிலையில் இடுப்புக்குக் கை கொண்டுபோவதும் பெரிய வேலை. கட்டையில் இருந்தால் ரைஃபிள் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேகசினுக்கும் அது போய்ச் சேர வேண்டிய வாய்க்கும் இடையே உள்ள தூரம் மாறாது. ஒரு சாண் தூரம், என்றைக்கும் அதே ஒரு சாண்.

பழைய பஸ் கண்டக்டர்களைப் பாருங்கள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே, தோல்பையைக் குனிந்து பார்க்காமல் மீதிச் சில்லறை எடுத்துக் கொடுப்பார்கள். பைக்குள் எந்த அறையில் எது என்று விரலுக்குத் தெரியும். யாராவது அந்த அறைகளை மாற்றி வைத்துவிட்டால், முப்பது வருடச் சர்வீஸ் இருந்தாலும் தடுமாறிப் போவார்.

ஒரு வீரர் சுடுமிடத்துக்குள் நுழைவதிலிருந்து பார்த்துக்கொண்டே வரலாம். ஆளுக்கு ஆள் வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் ஒருவர் தன் வரிசையைத் தனக்குள் மாற்ற மாட்டார்.

உள்ளே வரும்போதே வேகத்தைக் குறைக்கிறார். இதயம் நிமிடத்துக்கு 170, 180 என்று அடித்துக்கொண்டிருக்கும், அதைக் கொஞ்சம் இறக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சின்னக் கொடிகளைப் பார்க்கிறார். சுடுவதற்காக விரித்திருக்கும் தன் பாயை அடைந்ததும் இரண்டு கம்புகளையும் போடுகிறார். அதற்கு முன்னால் ரைஃபிளை முதுகிலிருந்து எடுக்கக்கூடாது. தோள்வாரிலிருந்து கையை உருவி ரைஃபிளை முன்னால் கொண்டுவருகிறார். குழல் முனையிலும் பின்பக்கக் குறிகாட்டியிலும் பனி புகாமல் இருக்கச் சின்ன மூடிகள் உண்டு, அவற்றைத் தட்டித் திறக்கிறார். இதற்கிடையில்தான் மேகசின். போன தடவை சுட்டுக் காலியானது இன்னும் ரைஃபிளிலேயே மாட்டியிருக்கும். அதைக் கழற்றிக் கட்டையின் பொந்தில் செருகுகிறார், அல்லது பாயில் விடுகிறார். அடுத்ததை உருவி, விசைக்கு முன்னால் அடிப்பக்கம் இருக்கும் வாயில் ஏற்றுகிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம். மண்டியிட்டு, கையில் கட்டியிருக்கும் பட்டையில் ரைஃபிள் வாரைக் கொக்கி மாட்டி, படுத்துவிடுகிறார்.

காலி மேகசின் ஏன் ரைஃபிளிலேயே இருந்தது? விதி அதற்கு இடம் கொடுக்கிறது. சுட்டு முடித்த பிறகு குழலிலும் மாட்டிய மேகசினிலும் உயிருள்ள ரவுண்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஆனால் கடைசியாகச் சுட்ட வெறும் கூடும் காலி மேகசினும் அப்படியே இருக்கலாம். அதனால் ஐந்தாவது குண்டு வெடித்த அடுத்த நொடியே வீரர் எழுந்து ஓட ஆரம்பிக்கலாம். கழற்றும் வேலையை அடுத்த சுற்றுக்குத் தள்ளி வைக்கிறார்கள். அங்கே எப்படியும் மூச்சு இறங்கக் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்புக்குள் கழற்றுவது கரைந்துவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. கை வேகம் துளிகூடக் கூடவில்லை, ஆனால் நேரம் மிச்சம்.

விதி விடாத பக்கமும் உண்டு. நேரத்தைச் சேமிக்கிறேன் என்று நிறைந்த மேகசினை ஓடும் வழியிலேயே மாட்டிக்கொண்டு வர முடியாது. ரவுண்டு உள்ள மேகசினை மாட்டுவதே ‘துப்பாக்கியை நிரப்புவது’தான். அதைச் சுடுமிடத்தில், குழல் இலக்கையோ மேலேயோ பார்த்திருக்கும்போது மட்டும்தான் செய்யலாம். மீறினால் போட்டியிலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள். முதுகில் துப்பாக்கியோடு முப்பது பேர் நெருக்கியடித்து ஓடும் விளையாட்டில் இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் நான் பார்க்கவே மாட்டேன்.

மேகசின் ஏறியதும் போல்ட்டை ஒரு தடவை இழுத்துத் தள்ள வேண்டும். பழைய கூடு வெளியே தெறிக்கும், புதிய ரவுண்டு குழலுக்குள் போகும். சாதாரண போல்ட் ரைஃபிளில் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே இறக்க வேண்டும். நாலு அசைவு. இன்றைக்கு பயத்லானில் அதிகம் தெரியும் ரைஃபிள், ஜெர்மனியின் உல்ம் நகரத்து அன்ஷுட்ஸ் நிறுவனத்துடையது. 1980-களில் அதில் ஃபோர்ட்னர் என்ற நேர் இழுப்பு போல்ட் வந்தது. ஆள்காட்டி விரலால் பின்னால் ஒரு இழுப்பு, கட்டைவிரலால் முன்னால் ஒரு தள்ளு. நாலு அசைவு இரண்டாகிவிட்டது. அதைவிட முக்கியம், கை பிடியை விட்டு நகர்வதே இல்லை. கன்னம் கட்டையிலிருந்து எழவில்லை, கண் குறியை விடவில்லை. ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் தொழிற்சாலையும் விரலால் இயக்கும் நேர் இழுப்பு ரைஃபிளைத் தன் வழியில் செய்திருக்கிறது.

மொத்தத்தில் பாயில் இருக்கும் நேரம் முன்னணி வீரர்களுக்கு 25, 30 வினாடிக்குள் முடிந்துவிடும். இத்தாலியின் அன்டோல்ஸ் பள்ளத்தாக்கைச் சேர்ந்த டோரத்தியா வீரர் (பெயரே வீரர்தான், என்ன செய்வது) சுடுமிடத்தில் நேரத்தை வீணாக்காதவர் என்று பெயர் வாங்கியவர். 2020-இல் தன் ஊரிலேயே நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் இரண்டு தங்கம் எடுத்தார். அவர் நின்று சுடும் காணொளி கிடைத்தால் கையை மட்டும் பாருங்கள். எந்த அசைவும் இரண்டு தடவை நடக்காது.

மேகசின் எவ்வளவு பெரிய உதவி என்று புரிய வேண்டுமானால், அது இல்லாத நேரத்தைப் பார்க்க வேண்டும். அது தொடர் ஓட்டத்தில் வரும். நாலு பேர் கொண்ட அணி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவையும் ஐந்து இலக்குக்கு எட்டு ரவுண்டு வரை சுடலாம். முதல் ஐந்து மேகசினில் இருக்கும். மிச்ச மூன்றும் உபரி. அவற்றை மேகசினில் போடக்கூடாது, ஒவ்வொன்றாகக் கையால் குழலுக்குள் வைக்க வேண்டும். கட்டையிலோ மேகசின் அடியிலோ இருக்கும் சின்னப் பிடிப்பானிலிருந்து ஒன்றை எடு, போல்ட்டை இழு, விரல் நுனியால் அந்தப் பொடி ரவுண்டைச் சின்ன ஜன்னலுக்குள் நேராக வை, தள்ளு, மறுபடி கன்னத்தைப் பதித்துக் குறி பார். நன்றாகச் செய்கிறவருக்கே ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பத்து வினாடி போய்விடும். விரல் விறைத்தவர் கையில் அது வழுக்கிப் பனியில் விழும். விழுந்ததைத் தேடுவதா, அடுத்ததை எடுப்பதா என்று யோசிக்கும் முகத்தைக் கேமரா தவறாமல் காட்டும். மேகசினில் ஐந்தையும் சுடுவதற்கு ஆன நேரம், மூன்று உபரியை நிரப்பிச் சுடுவதற்கும் ஆகிவிடும்.

அந்த உபரியும் தவறினால், விழாமல் நிற்கும் இலக்கு ஒவ்வொன்றுக்கும் 150 மீட்டர் தண்டனை வளையத்தில் ஒரு சுற்று. நல்ல பனியில் அது 25 வினாடியை ஒட்டி வரும். பழைய பாணித் தனிநபர் போட்டியில் வளையம் கிடையாது, தவறு ஒன்றுக்கு ஒரு நிமிடம் நேரத்தில் சேர்ந்துவிடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மேகசின் மாற்றுவதில் நீங்கள் கடுமையாகப் பயிற்சி செய்து இரண்டு வினாடி மிச்சப்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு தடவைக்கு எட்டு வினாடி. பெரிய விஷயம்தான், கடைசியில் ஒரு வினாடிக்குள் பதக்கம் கை மாறுவதும் நடக்கும். ஆனால் அந்த அவசரத்தில் மூச்சு கலைந்து ஒரே ஒரு குண்டு தவறினால் 25 வினாடி போச்சு. தனிநபர் போட்டியில் ஒரு நிமிடமே போச்சு. மூன்று பந்தயத்தில் சேர்த்ததை ஒரு குண்டு தின்றுவிடும். அதனால் நேரத்தை எங்கே குறைப்பது என்பதில் பயிற்சியாளர்கள் தெளிவாக இருப்பார்கள். கம்பு, மூடி, மேகசின், கொக்கி இவற்றில் குறை. விசையில் விரல் வைத்த பிறகு அவசரப்படாதே.

உபகரணம் என்று பார்த்தால் அதிகம் ஒன்றும் இல்லை. பொந்து சரியான இறுக்கத்தில் இருக்க வேண்டும். இளகியிருந்தால் இறக்கத்தில் வேகமாக வரும்போது மேகசின் விழுந்துவிடும், இறுகியிருந்தால் கையுறையோடு உருவ முடியாது. மேகசின் அடியில் கொஞ்சம் துருத்தலோ, சொரசொரப்பான நாடாவோ இருந்தால் விரலுக்குப் பிடி கிடைக்கும். கையுறை மெல்லியதாக இருக்க வேண்டும். குளிருக்கு அது போதாது, ஆனால் தடிமனான கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு ரவுண்டும் தெரியாது, விசையும் தெரியாது. மேகசினுக்குள் ஈரம் புகுந்து உறைந்தால் தட்டு மேலே ஏறாது, ஆகவே பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் துடைத்துக் காயவைப்பது சாப்பாட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

அப்புறம் நிரப்புவது. பந்தயத்துக்கு முன்னால் எல்லோரும் சில ரவுண்டு சுட்டுக் குறியைக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்றபடி சரிசெய்வார்கள். அது முடிந்ததும் மேகசின்களைப் பந்தயத்துக்காக நிரப்பிக்கொள்ள வேண்டும். பேசிக்கொண்டே நிரப்பினால் ஒன்றில் நாலுதான் இருக்கும். அந்தத் தப்பு ஐந்தாவது இலக்குக்கு முன்னால், விசையை அழுத்தி வெறும் ‘கிளிக்’ கேட்கும்போதுதான் தெரியவரும். அதன்பின் ஒன்றைக் கையால் ஏற்ற வேண்டியதுதான். .22 ரவுண்டுக்கும் அடியில் விளிம்பு உண்டு என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். ஒவ்வொரு ரவுண்டின் விளிம்பும் அடியில் இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மோன்ஸில் சார்ஜர் கோத்த சிப்பாய்க்கு இருந்த அதே தலைவலி, அளவு மட்டும் சின்னதாகியிருக்கிறது. நிரப்பி முடித்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் மெல்லத் தட்டிக்கொள்வது பல விளையாட்டுகளில் உள்ள பழக்கம். அடுக்கு ஒழுங்காக உட்காரும்.

துப்பாக்கி விளையாட்டு என்றால் பயத்லான் மட்டும் கிடையாது. 1976-இல் அமெரிக்காவில் தனக்கென ஒரு சர்வதேச அமைப்பை உருவாக்கிக்கொண்ட ‘ப்ராக்டிகல்’ சுடுதல் போட்டிகளில் ஓடிக்கொண்டே, திரும்பிக்கொண்டே சுடுவார்கள், மேகசின் மாற்றுவதும் நடையிலேயே நடக்கும். அங்கே கட்டையில் பொந்து வைக்க வழியில்லை, இடுப்பு வாரில் உறைகள்தான். ஆனால் சட்டம் அதேதான். உறை எப்போதும் ஒரே இடத்தில், மேகசின் எப்போதும் ஒரே பக்கம் பார்த்தபடி. ஆள்காட்டி விரல் மேகசினின் முன்பக்கத்தை ஒட்டி நீளும். இருட்டில் சாவித்துவாரத்தை விரலால் தடவிச் சாவி போடுவோமே, அதுபோல விரல் வழிகாட்டும். மாட்டியதும் கீழே லேசாக ஒரு இழு, சரியாகப் பூட்டியதா என்று பார்க்க. ரைஃபிளுக்கு ரைஃபிள் மாட்டும் விதமும் மாறும். ஏஆர்-15 ரகத்தில் மேகசின் நேராக மேலே ஏறும், கலாஷ்னிகோவ் ரகத்தில் முன்முனையைக் கொக்கியில் மாட்டிப் பின்முனையை ஆட்டி ஏற்ற வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றதில் உளறும். உறையிலிருந்து மேகசினை உருவச் சிரமப்பட்ட சிப்பாய்களுக்காக அடியில் மாட்டும் ரப்பர் வளையம் ஒன்றைச் செய்து விற்க 1999-இல் ஒரு நிறுவனம் ஆரம்பித்தார்கள். மேகசினை இழுக்க உதவுவதால் மேக்புல் என்று பெயர். அந்த ரப்பர் துண்டிலிருந்து அது பெரிய கம்பெனி ஆகிவிட்டது. விரலுக்கு ஒரு பிடி கொடுத்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

புதிதாகத் தொடங்குகிறவர் எப்படிப் பழக வேண்டும்? பயத்லான்காரர்கள் வெயில் காலம் முழுக்க வீட்டுக்குள் ‘வெறும் பயிற்சி’ செய்வார்கள். ரவுண்டே இல்லாமல், சுவரில் ஒட்டிய சின்னப் புள்ளியைப் பார்த்து. முதல் விதி, அந்த அறையில் ஒரு உயிருள்ள ரவுண்டுகூட இருக்கக்கூடாது. இன்னொரு அறைக்குப் போய்ப் பூட்டி வைத்துவிட்டு வர வேண்டும், மேகசின்களையும் குழலையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். அப்புறம் கடிகாரம் இல்லாமல், ஆமை வேகத்தில், கம்பு போடுவதிலிருந்து படுப்பது வரை முழு வரிசையையும் செய்ய வேண்டும். மெதுவாகச் செய்யும்போதுதான் வேண்டாத அசைவுகள் கண்ணில் படும். மேகசினை உருவி ஒரு தடவை பார்க்கிறோம், எதற்கு? கையை மாற்றிப் பிடிக்கிறோம், எதற்கு? அதை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடிகாரம் தானாக இறங்கும். முதல் நாளே ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறவர்கள் தங்கள் தப்பையே வேகமாகச் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பிறகு கழற்றுவது மேகசினைக் கழற்றுவது போலச் சுலபமில்லை.

வரிசை கைக்கு வந்த பிறகு, ஓடிவிட்டு வந்து செய்து பார்க்க வேண்டும். மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கினாலும் போதும். நிதானமாக இருக்கும்போது தெரிந்த பொந்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது காணாமல் போகும். பனிக்கட்டித் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு உபரி ரவுண்டு ஏற்றிப் பழகலாம். அதற்குப் போலி ரவுண்டுகள் கிடைக்கும், வீட்டில் உண்மையானதை ஒருக்காலும் தொடக்கூடாது.

பந்தயம் முடிந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதும் வீரர்கள் பனியில் அப்படியே விழுந்து கிடப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போகும் வழியில் அதிகாரி ஒருவர் ரைஃபிளை வாங்கி, குழலை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி, போல்ட்டைத் திறந்து பார்ப்பார். கடைசியாகச் சுட்ட கூடு அப்போதுதான் வெளியே விழும். நாலாவது மேகசின் இன்னும் அதன் வாயிலேயே, காலியாக மாட்டியிருக்கும்.